மூக்கு மேஸ்திரி வீட்டு அடுப்பு

கரும்பாறைப்பேட்டைக்கு அறுபது வருடமாக ஒரு நாற்றம் இருந்தது. பாலாற்றங்கரையில் வரிசையாக நிற்கும் தோல் பதனிடும் பட்டறைகளிலிருந்து, தோல்ஷாப்பு என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் பட்டறைகளிலிருந்து, சுண்ணாம்பும் கொழுப்பும் ரசாயனத் தண்ணீரும் ஒன்றாக ஊறி எழும் அந்த நாற்றம், காலையில் பால்காரருக்கு முன்னால் தெருவுக்கு வந்து, காயப்போட்ட சேலையில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சோற்று டப்பாவுக்குள் புகுந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் நற்கருணை வாங்க நீட்டிய கைவரைக்கும் வந்து நின்றது. பேருந்தில் ஏறினால் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போனார். பெண் பார்க்க வந்தவர்கள் காபியைத் தொடாமல் வைத்துவிட்டுப் போனார்கள். காது கேட்காத மாமியாரோடு வாழப் பழகுவதைப்போல ஊர் அதனோடு வாழப் பழகியிருந்தது.

அந்த நாற்றத்தால் பிழைத்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எபிநேசர். பெரிய தோல்ஷாப்பில் கழிவுத் தொட்டிக்கு மேஸ்திரி. இருபது அடி ஆழத் தொட்டியில் மாதத்துக்கு ஒருமுறை சேறு அள்ள ஆள் இறங்கவேண்டும். இறங்குவதற்கு முன் எபிநேசர் விளிம்பில் குந்தி உட்கார்ந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்துப் பார்ப்பார். விஷவாயுவுக்கு அடையாளமான அழுகின முட்டையின் வாடை ஒரு நூலளவு வந்தாலும் எழுந்துவிடுவார். முதலாளியே வந்து நின்றாலும் அன்றைக்கு ஆள் இறங்காது. பதினேழு வருடத்தில் அந்தத் தொட்டியில் ஒரு உயிர் போனதில்லை. அதனால் அவருக்கு மூக்கு மேஸ்திரி என்று பேர்.

அவருடைய மனைவி சலோமி, பத்தொன்பது வருடம் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் விறகு ஊதி, நானூறு பிள்ளைகளுக்குச் சோறு வடித்தவள். ஐம்பது வயதில் அவள் நெஞ்சுக்குள் ஒரு விசில் சத்தம் வந்து குடியேறியது. படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "இனிமே புகை பக்கமே போகக் கூடாது. தாளிக்கிற புகைகூட ஆகாது" என்று சொன்னார். அவர்கள் வீட்டுச் சமையலறையோ, மாடி வீட்டுக்காரர் படிக்கட்டுக்குக் கீழே இருந்தது. அடுப்புக்கு மேலே கை நீட்டினால் கூரை தட்டும். புகைபோக்கிக் கூண்டு மாட்ட ஒரு சாண் இடமில்லை.

அந்தச் சமயத்தில் தோல்ஷாப்பு வளாகத்தில், வெளிநாட்டு ரசாயன நிபுணர் ஒருவர் முன்பு தங்கியிருந்த பங்களாவை இடித்தார்கள். ஏலத்தில் கதவும் கண்ணாடியும் போயின. ஓர் அடுப்பை மட்டும் யாரும் எடுக்கவில்லை. இரண்டிரண்டாக நான்கு பர்னர்கள், நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சல்லடை. அந்தச் சல்லடைக்குக் கீழே மின்விசிறி ஓடி, எழும்புகிற புகையை எழும்ப விடாமல் கீழ்ப்பக்கமாக இழுத்து, குழாய் வழியாகச் சுவருக்கு வெளியே தள்ளும். எபிநேசர் அதைக் கேட்டு வாங்கி, மீன்பாடி வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

பொருத்த வந்த கஜேந்திரன் அரைநாள் வேலை என்று சொல்லி மூன்று நாள் எடுத்துக்கொண்டான். கடப்பாக் கல்லில் சதுரமாக வெட்டினான். விசிறிப் பெட்டி அடியில் இடத்தை அடைத்துக்கொண்டதால் சிலிண்டரைப் பின்வாசலுக்கு மாற்றினான். ஆற்றைப் பார்த்த சுவரில் முழங்கால் உயரத்தில் ஓட்டை போட்டு, தகரக் குழாயை விட்டு, எலி ஏறாமல் இருக்க வாயில் ஒரு தொங்குமூடி வைத்தான்.

"குழாயில ரெண்டு வளைவுக்கு மேல இருக்கக் கூடாதும்மா. மூணாவது வளைவு வந்தா காத்து முட்டிக்கும்" என்றான். "மொதல்ல ஃபேனப் போடு, அப்புறம் அடுப்பப் பத்தவை. உசரமான குண்டான் வைக்காத, அதோட ஆவி மேல போயிடும். இந்தச் சல்லடைய வாரத்துக்கு ஒரு தடவ சுடுதண்ணியில சோடா போட்டுக் கழுவு."

சலோமி அப்படியே செய்தாள். முதல் நாள் மிளகாய் தாளித்தபோது, புகை ஒரு சாண் எழும்பி, யோசித்து, வளைந்து, சல்லடைக்குள் இறங்கியது. அவள் இருமவில்லை. பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக, மிளகாய் கருகும் அடுப்புக்கு முன்னால் நின்று அவள் சிரித்தாள்.

இரண்டாம் நாள் வீட்டுக்குள் தோல்ஷாப்பு நாற்றம் இல்லை. நான்காம் நாள் தெருவில் இல்லை. பத்து நாளில் மேட்டுத்தெரு, சந்தைத் தோப்பு, கோயில் வளாகம், பேருந்து நிற்கும் முக்கு என்று ஒவ்வொன்றாக நாற்றம் பின்வாங்கி, சலோமி வீட்டு வாசலில் தரையோடு தரையாக மெல்லிய காற்றாக நுழைந்து, சமையலறைக்குப் போய், பர்னர்களுக்கு நடுவே இறங்கிக் காணாமல் போனது. குழாயின் அந்த முனையில் கையை வைத்துப் பார்த்தவர்களுக்கு வெதுவெதுப்பான காற்று மட்டும் பட்டது. அது எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை.

ஊர்ச் சங்கத்துச் செயலாளர் பொன்னுரங்கம், தபால் ஆபீசில் ஓய்வுபெற்றவர், ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வந்து சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு வாரம் கவனித்தார். விசிறி மட்டும் ஓடினால் இழுப்பதில்லை. அடுப்பு எரிந்து அதன்மேல் ஏதாவது வெந்துகொண்டிருந்தால்தான் இழுக்கிறது. அணைத்துவிட்டால் கால்மணி நேரத்தில் நாற்றம் ஊருக்குத் திரும்பிவிடுகிறது. இதை அவர் சங்கக் கூட்டத்தில், மழையளவு வாசிப்பதைப்போல வாசித்தார். அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்வது என்று தீர்மானம் ஆனது. தெருவுக்கு ஒரு நாள் முறை வைத்து, அரிசியும் பருப்பும் காய்கறியும் சலோமி வாசலில் வந்து இறங்கின. வெந்ததைப் பள்ளிக்கூடத்துக்கும் பேருந்து முக்கில் படுத்திருப்பவர்களுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தோல்ஷாப்பு முதலாளி மின்சாரம் போனால் ஓட ஒரு ஜெனரேட்டரும், மாதம் எட்டு சிலிண்டரும் அனுப்பிவைத்தார்.

ஊர் நாற்றமில்லாமல் வாழப் பழகியது. வெளியூர்ச் சம்பந்தங்கள் வந்தன. பேருந்தில் பக்கத்தில் ஆள் உட்கார்ந்தார்கள். நாற்றத்தோடு மற்ற வாசனைகளும் போய்விட்டதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. பூக்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போனாள். நாய்கள் இரண்டு இரண்டாகக் கிளம்பி ஆற்றைத் தாண்டிப் போய்விட்டன. கைக்குழந்தைகள் தாயின் மடியில் இருந்துகொண்டே தாயைத் தேடி அழுதன. சலோமிக்குத் தன் சாம்பார் கொதித்ததா என்பது கண்ணால் பார்த்தால்தான் தெரிந்தது. புருஷனின் சட்டையைத் துவைக்க எடுக்கும்போது, அது யாருடைய சட்டையாகவும் இருக்கலாம்போல இருந்தது.

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வந்து மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போனார். அவர் போன மறுநாள் கழிவு சுத்தம் செய்யும் மோட்டார்களை நிறுத்திவிட்டார்கள். புகார் இல்லாத இடத்தில் கரண்டு எதற்கு என்று முதலாளி சொன்னதாகப் பேச்சு.

எபிநேசர் மட்டும் தூங்காமல் புரண்டார்.

"சலோமி, எனுக்கு மூக்கு செத்துப்போச்சு" என்றார் ஒரு நாள், தட்டில் கைவைத்தபடி. "தொட்டிகிட்ட குந்திக்கினு இழுத்துப் பாக்குறேன், ஒண்ணுமே தெர்ல. வெறும் தண்ணித் தொட்டி மாதிரி கீது. இத்தினி நாள் மூக்க நம்பித்தான் ஆள எறக்கிக்கினு இருந்தேன். இப்போ எத்த நம்பறது?"

"நான் இன்னா செய்யணும் சொல்லுங்க."

"தொட்டி தொறக்கற அன்னிக்கு ஒரு மணிநேரம் அடுப்ப அணைச்சுடு. பத்து மணிக்கு அணை. பதினொண்ணுக்கு நான் மோந்து பாத்துட்டு முடிவு பண்ணிக்கிறேன். அப்பறம் பத்தவெச்சுக்கோ."

அப்படியே நடந்தது. மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, பத்து மணிக்குச் சலோமி அடுப்பை அணைப்பாள். ஊர் முணுமுணுத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தும். நான்கு வியாழக்கிழமைகளில் இரண்டில் எபிநேசர் ஆளை இறக்கினார், இரண்டில் இறக்கவில்லை. வேலை தள்ளிப்போகும் நாளில் முதலாளியின் மகன் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திட்டினான். அவர் நேராக வீட்டுக்கு வந்தார்.

ஐந்தாவது வியாழக்கிழமை ஐப்பசியில் வந்தது. பக்கத்து வீட்டு லில்லி புஷ்பம் காலை எட்டு மணிக்கே வந்து சமையலறை வாசலில் நின்றாள். அவள் மகள் ஜெசிந்தா, சலோமியின் அடுப்படியில் தவழ்ந்து, சலோமி பிசைந்த சோற்றைத் தின்று வளர்ந்தவள். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் பிள்ளை என்றால் அவள்தான். இருபத்தொன்பது வயதாகிறது. ஏழு இடத்திலிருந்து வந்து, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்து போனார்கள்.

"யக்கா, இன்னிக்குத் திருச்சியிலேர்ந்து வர்றாங்க. பத்து மணிக்கு. அர மணிநேரம் இருந்துட்டுப் போயிடுவாங்க. நீ பத்துக்கு அணைக்காதக்கா. பத்தரைக்கு அணை."

"லில்லி, இன்னிக்குத் தொட்டி."

"தெரியும்க்கா. அண்ணன் பதினொண்ணுக்குத்தான பாப்பாரு. பத்தரைக்கு அணைச்சா பதினொண்ணுக்குள்ள நாத்தம் வந்துடாதா? கால்மணி நேரத்துல வந்துடும்னு பொன்னுரங்கம் சொல்லிக்கிறாரே."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. சலோமி சரி என்றாள்.

திருச்சிக்காரர்கள் வந்தபோது பத்தே முக்கால். வேலூரில் ரயில்வே கேட் போட்டுவிட்டதாம். ஐந்து பேர் இறங்கி, ஊர் நன்றாக இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டு லில்லி வீட்டுக்குள் போனார்கள். சலோமி எபிநேசரின் போனுக்கு அடித்தாள். மணி அடித்து நின்றது. மறுபடி அடித்தாள். தொட்டி வேலைக்குப் போகும்போது அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார், போன் சட்டைப் பையில் இருக்கும். அது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் இத்தனை தடவை அடித்ததைப் பார்த்தால் புரிந்துகொள்வார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தா சிரிப்பது கேட்டது. அந்தப் பெண் இப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. சலோமி கையை அடுப்புத் திருகில் வைத்தாள், எடுத்தாள். பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. பதினொன்று அடித்தது. பதினொன்றே கால். இன்னும் ஐந்து நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம் என்று அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

பதினொன்றரைக்கு அவர்கள் வெற்றிலைபாக்கு மாற்றிக்கொண்டு கிளம்பினார்கள். கார் திரும்பும் சத்தம் கேட்டதும் அவள் நான்கு பர்னர்களையும் அணைத்தாள்.

நாற்றம் திரும்பியது. வழக்கமாக முதலில் சுண்ணாம்பு வரும், பிறகு கொழுப்பு வரும், பிறகு மற்றவை. அன்றைக்கு முதலில் வந்தது அழுகின முட்டை. நூலளவு இல்லை, கதவளவு. அது வாசலில் வந்து நின்று, சேதி சொல்ல வந்தவனைப்போல உள்ளே நுழைந்தது. யாரும் வந்து சொல்வதற்கு முன்னால் சலோமிக்குத் தெரிந்துவிட்டது. செருப்பில்லாமல், நெஞ்சில் விசில் அடிக்க அடிக்க, ஆற்றோரமாக அவள் ஓடினாள்.

எபிநேசர் பத்து மணியிலிருந்து விளிம்பில் உட்கார்ந்திருந்திருக்கிறார். பதினொன்று வரை இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறார். சலோமி அடுப்பை அணைத்திருப்பாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. "இன்னிக்குச் சுத்தமா கீது" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல முதல் ஆளாக அவரே ஏணியில் இறங்கினார். ஒன்பதாவது படியில் கைவிட்டு விழுந்தார். தூக்கப்போன தொட்டி வேலைக்காரர்கள் சம்பத்தும் ஆனந்தராஜும் அவர்மேலேயே விழுந்தார்கள்.

மூவரையும் கொக்கிபோட்டு எடுக்கப் பிற்பகல் இரண்டு மணி ஆனது. அதற்குள் நாற்றம் மறுபடி இல்லாமல் போயிருந்தது. பெண் பார்க்கும் விசேஷத்துக்கு லில்லி வீட்டுக்கு வந்திருந்த யாரோ ஒரு பெண், திறந்துகிடந்த சலோமியின் வீட்டுக்குள் போய், பாதி வெந்த பருப்பைப் பார்த்துவிட்டு, நல்லதுதானே என்று நினைத்து அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். சேற்றோடு கிடத்திய எபிநேசரின் மார்பில் முகத்தை வைத்து சலோமி மூச்சை இழுத்தாள். அவரிடம் சேற்று வாடையும் இல்லை, அவர் வாடையும் இல்லை.

அடக்கத்துக்கு ஊர் திரண்டு வந்தது. அழுதார்கள், பாடினார்கள், அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் படுத்துக் கிடந்த நாட்களில் முறை வைத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வந்த ஒவ்வொருத்தியும் மடியில் அரிசி கொண்டுவந்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அடுப்பில் வைத்தாள். சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்று யாருக்கும் நினைவு வரவில்லை.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். சங்கக் கட்டடத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கேட்டார். தொட்டியிலிருந்து வாடை வந்ததா? வரவில்லை ஐயா. முன்னாலாவது? இந்த ஊரில் வாடையே கிடையாது ஐயா. அவர்கள் பொய் சொல்லவில்லை. அறுபது வருடம் அவர்களுக்கு ஏழு மாதத்தில் மறந்துபோயிருந்தது.

சலோமியின் முறை வந்தது.

"அடுப்ப நான் அணைக்கல ஐயா" என்றாள். "பத்து மணிக்கு அணைக்கறேன்னு சொல்லியிருந்தேன். அணைக்கல. அதனால அவருக்கு நாத்தம் தெரியல."

அதிகாரி பேனாவை வைத்தார். பொன்னுரங்கம் குனிந்து அவர் காதில் எல்லாவற்றையும் விளக்கினார். அதிகாரி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"புரியுதும்மா. ஆனா அடுப்புன்னு ஒரு கட்டம் இந்த ஃபாரத்துல இல்ல" என்று சொல்லிவிட்டு, திடீர் மாரடைப்பு என்று மூன்று பேருக்கும் எழுதினார்.

இருபது நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, லில்லி வந்தாள். ஜெசிந்தாவும் பின்னால் வந்து கதவில் சாய்ந்து நின்றாள். தை மாதம் கல்யாணம் என்று தேதி வைத்துவிட்டார்களாம். கேட்கவே கூசுகிறது என்று சொல்லிவிட்டு லில்லி கேட்டாள்.

"தை வரைக்கும்க்கா. அதுவரைக்கும் அடுப்பு எரியட்டும். உன் பொண்ணுன்னு நெனச்சுக்கோ."

சலோமி ஜெசிந்தாவைப் பார்த்தாள். ஜெசிந்தா தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"பெரிம்மா, நாளைக்குத் தொட்டியத் தொறக்கறாங்களாம். ஒடிசாவிலேர்ந்து நாலு பேரக் கூட்டிக்கினு வந்துக்கிறாங்க. கேட்டாண்ட பாத்தேன். அவங்களுக்குத் தமிழ் தெரியாது. யாரும் ஒண்ணும் சொல்லலபோல."

"நீ எதுக்குடி இப்ப அத்தச் சொல்ற?" என்றாள் லில்லி.

ஜெசிந்தாவின் முகம் வெளுத்திருந்தது. தான் சொன்னது எதைச் செய்யும் என்று தெரிந்தேதான் அவள் சொல்லியிருந்தாள்.

அவர்கள் போனபிறகு சலோமி நெடுநேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது அவளுக்கு மூச்சைக் கொடுத்த அடுப்பு. மறுபடி புகையில் நின்றால் தன் நெஞ்சு எத்தனை மாதம் தாங்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தது அவளுக்கு நினைவிருந்தது. விடிந்ததும் முறைக்காரப் பெண்கள் வருவதற்கு முன்னால் கதவைத் தாழ்போட்டாள். விசிறியை நிறுத்தினாள். பின்வாசலில் சிலிண்டரை மூடி ரப்பர் குழாயைக் கழற்றினாள். கத்தி முனையால், அடுப்பைக் கல்லோடு பிடித்திருந்த நான்கு திருகாணிகளையும் எடுத்தாள். கல்லுக்கு அடியில் படுத்து, தகரக் குழாயைப் பிடித்த வளையத்தைத் தளர்த்தி, இரண்டு கையாலும் பிடுங்கினாள். குழாய்க்குள் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு, கொஞ்சம் சாம்பல். அதைக் காலால் மிதித்துத் தட்டையாக்கிவிட்டு, புடவையால் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

நாற்றம் அன்றைக்கு நடந்து வரவில்லை, விழுந்தது. மோட்டார்கள் ஓடாமல் இத்தனை நாள் தேங்கிய கழிவின் நாற்றமும் அதில் சேர்ந்திருந்தது. தெருவில் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு குந்தினார்கள். பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். பொன்னுரங்கம் துண்டை வாயில் கட்டிக்கொண்டு வந்து, "இன்னா காரியம் பண்ணிட்டம்மா நீ" என்றார். அவள் நின்று, "செய்யவேண்டியதத்தான் ஐயா, லேட்டாப் பண்ணியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு இருமினாள். லில்லி தன் வாசலில் நின்று பார்த்தாள். பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் சலோமியோடு பேசவே இல்லை. திருச்சியிலிருந்து ஒரு வாரத்தில் வேண்டாமென்று போன் வந்தது.

தோல்ஷாப்புக் கேட்டுக்கு வெளியே, கம்பிக்கு இந்தப் பக்கம் சலோமி போய் நின்றபோது மணி பத்து. உள்ளே தொட்டியின் இரும்பு மூடியை நகர்த்தியிருந்தார்கள். நான்கு இளைஞர்கள் பத்தடி தள்ளி லாரி நிழலில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் மூக்கில் துண்டைச் சுற்றியிருந்தான். ஒருவன் குனிந்து வாந்தி எடுத்தான். முதலாளியின் மகன் தமிழில் கத்தினான், பிறகு இந்தியில் கத்தினான், ஏணியைக் காட்டினான், சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துக் காட்டினான். மூத்தவன்போல இருந்தவன் தொட்டியருகே இரண்டு அடி வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, திரும்பி வந்து, தலையை இடமும் வலமும் ஆட்டினான். மற்ற மூவரும் அதேபோல ஆட்டினார்கள்.

வெயில் ஏறியது, இறங்கியது. காவலாளி இரண்டு தடவை வந்து போகச் சொன்னார். மூன்றாவது தடவை ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சலோமிக்கு இருமல் விடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமினாள், நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி இருமினாள். ஐந்து மணிக்கு மூடியை இழுத்துத் தொட்டியை மூடும் சத்தம் கேட்டது. வேலைக்காரர்கள் வரிசையாகக் கேட்டைத் தாண்டி வெளியே வந்தார்கள், கடைசியில் அந்த இளைஞர்களும் வந்தார்கள். தங்களையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த அம்மாள் யார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிவிட்டு, சலோமி வீட்டைப் பார்த்து நடந்தாள்.